துட்டிக்குப் போகாத தெரு

கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருதியளா அண்ணாச்சி? சந்தை முக்குல இருந்து நின்னுக்கிட்டே வாரேன், முட்டு ரெண்டும் கெஞ்சுது. ஆங், போதும் போதும். நீங்க எதுவரைக்கும்? பஸ் ஸ்டாண்டா? நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பு. கோர்ட்டு. பத்தரைக்கு உள்ள இருக்கணும்னு வக்கீல் சொல்லிருக்காரு.

உங்களுக்கு எந்த ஊரு? ஓ, அங்கயா. அங்க எந்தத் தெரு? பெருமாள் கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா? சரி, விடுங்க. சொல்லாட்டாலும் ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். நான் அதெல்லாம் பாக்கிறவன் கெடையாது. பாத்தா என் தொழில் நடக்குமா சொல்லுங்க?

ஃப்ளெக்ஸ் போர்டு, போஸ்டர், கல்யாணப் பத்திரிகை. எங்க ஊரு மெயின் ரோட்டுல வேல் டிஜிட்டல்ஸ்னு இருக்குல்லா, அது நம்ம கடைதான். என் பேரு சண்முகவேல். டிசைன் நம்ம கடையில, பிரிண்டு டவுன்ல. சாயந்தரம் ஃபைலை அனுப்பிட்டா மறுநாள் காலைல மொத பஸ்ஸுல கட்டு வந்து இறங்கிரும். பதினேழு வருசமா இதான் பொழப்பு. நம்ம வேலைல ஒரு எழுத்து தப்பு இருக்காது. அதைச் சுத்துப்பட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ.

எல்லாத் தெருக்காரங்களும் நம்மகிட்டத்தான் வருவாவ அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல தெருவுக்கு ஒரு ஃபோல்டர் வச்சிருப்பேன். இவியளுக்கு இந்தக் கலரு, அவியளுக்கு அந்தக் கலரு. இவியளுக்குச் சிங்கம், அவியளுக்குப் புலி. இன்னொருத்தருக்குக் குதிரை. மாத்திப் போட்டுட்டா கடையக் கொளுத்திருவான், அதனால ஜாக்கிரதையா இருப்பேன். ஒரு வயசுக் கொழந்தைக்குக் காதுகுத்து, கையில அருவா வச்ச மாதிரி போடச் சொல்லுவாவ. போடுவேன். கொழந்தை சிரிச்சுக்கிட்டு இருக்கும், கையில அருவா. பாக்க அழகாத்தான் இருக்கும். கேக்கிறதைச் செய்யிறதுதானே தொழிலு?

அந்தத் தெரு பத்தடில போர்டு வச்சிருக்காவன்னு இந்தத் தெருக்காரங்ககிட்ட வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பன்னெண்டு அடிக்கு ஆர்டர் வந்துரும். இதை நான் தூண்டி விடுதேன்னு செம்பகம் சொல்லுவா. செம்பகம் என் வீட்டுக்காரி. அவளுக்கு வியாபாரம் தெரியாது.

எனக்கு ஒரே மகன். முத்துஹரிஷ். ஹரிஷ்னுதான் கூப்புடுவோம். அவன் கேசுதான் இன்னைக்கு. அவன் உள்ள இருக்கான், நான் சாட்சி. அவன் பக்கத்துச் சாட்சி இல்ல அண்ணாச்சி. எதிர்த்தரப்புச் சாட்சி. கேட்டியளா கொடுமைய, பெத்தவனை எதிர்ச்சாட்சியாப் போட்டிருக்காவ.

சின்னதுல ரொம்ப அடக்கமான புள்ள. பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்புல எந்திரிச்சு வாசிக்கச் சொன்னா மத்த பயலுவ சிரிப்பான்னு ஸ்கூலுக்குப் போகாம வயித்து வலின்னு படுத்துக்கிடுவான். கூட்டாளின்னு ஒருத்தன் கிடையாது. சாயந்தரம் கடைக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து கம்ப்யூட்டர்ல படம் வெட்டி ஒட்டுவான். என்னைவிட நல்லா வெட்டுவான். முடி ஒண்ணொண்ணாத் தெரியிற மாதிரி அவ்வளவு சுத்தமா வெட்டுவான்.

அப்பதான் பரமேஷ் கடைக்கு வர ஆரம்பிச்சான். எங்க ஆளுங்க பேரவைக்கு அவன்தான் ஒன்றியத் தலைவரு. முப்பது வயசு இருக்கும். மாசம் நாலு போர்டு அடிப்பான், நல்ல கஸ்டமரு. வந்தா உக்காந்து அரை மணி நேரம் பேசிட்டுத்தான் போவான். ஹரிஷ் திக்கித் திக்கிப் பேசும்போது அவன் சிரிக்க மாட்டான் அண்ணாச்சி. பொறுமையாக் கேட்டுக்கிட்டு இருப்பான். அதுல என் மகன் மயங்கிப் போனான். ஏன், நானே மயங்கினேன். ஹரிஷுக்குப் பதினேழாவது பிறந்தநாளு, பரமேஷ் கேக் வாங்கிட்டு இருபது பேரோட வீட்டுக்கு வாரான். பஸ் ஸ்டாப்புல என் மகன் படம் போட்டு ஒரு போர்டு. ‘எங்கள் குல விடியலே’ன்னு. நான்தான் டிசைன் பண்ணுனேன், சொல்லப்போனா. பய அன்னைக்குச் சாயந்தரம் அந்தப் போர்டுக்கு எதிர்ல டீக்கடை பெஞ்சுல இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தான். அவன் முகத்துல அப்படி ஒரு சந்தோசத்தை அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல.

அதுக்குப் பிறகு அவனையும் நாலு பேரு அண்ணன்னு கூப்பிட்டான். வாட்ஸப்புல ஒரு குரூப்பு, அதுல என்னமோ பேசுவாவ, பழைய கதை, யாரு யாரை எப்ப வெட்டுனது, நம்ம பாட்டன் பூட்டன் எப்படி இருந்தான், இப்ப எப்படி ஆயிட்டோம். ராவும் பகலும் அதேதான். பாட்டு வரும், வீடியோ வரும். சில வீடியோவ ஹரிஷ்தான் எடிட் பண்ணிக் குடுத்தான். எனக்கும் காட்டுனான். வேலை சுத்தமா இருந்துச்சு. ‘பேச்சே வராத பயலா இதைச் செஞ்சான்’னு பெருமைப்பட்டேன். பெத்தவன் பெருமைப்படுறது தப்பா?

கையில கயிறு கட்டுனான். நம்ம ஆளுங்க கலரு. பதினொண்ணாப்புல டீச்சரம்மா ஒருத்தி என்னைக் கூப்பிட்டுவிட்டா. கயித்தை அறுக்கச் சொல்லுங்க சார், பயலுவ கயித்தைப் பாத்துத்தான் பெஞ்சுல உக்காருதான், கயித்தைப் பாத்துத்தான் தண்ணி குடிக்கான்னு சொன்னா. எனக்குக் கோவம் வந்துட்டு. அது சாமி கயிறு டீச்சர், ஒங்களுக்கு என்னன்னு கேட்டேன். ஏன்னா நம்ம கடையிலதான் கயித்து உருண்டையே விக்கேன். எல்லாக் கலரும் இருக்கு, பாட்டில்ல போட்டு வரிசையா வச்சிருப்பேன். பரமேஷ்ட்ட இதைச் சாதாரணமாத்தான் சொன்னேன். மறுநாள் அவன் அறுபது பேரைக் கூட்டிட்டுப் போயி ஸ்கூல் வாசல்ல உக்காந்துட்டான். ஒரு வாரத்துல அந்த டீச்சரை எங்கயோ மாத்திட்டாவ. பாவம், கைப்புள்ளக்காரி. போகும்போது என் கடை வழியாத்தான் பஸ்ஸுக்குப் போனா. அது வேற விசயம், அதை விடுங்க.

செம்பகம் ஒரு நாள் அவன் போனைக் கொண்டாந்து காட்டுனா. ஸ்டேட்டஸ்ல அருவாளோட நிக்கான். இது நல்லதுக்கில்ல, நீங்க கேளுங்கன்னா. நான் பாத்துட்டு, ‘ஏட்டி, இது நம்ம கடையில கெடக்கிற அட்டை அருவா. போட்டோவுக்கு வச்சிருக்கிறது’ன்னேன். உண்மையிலயே அது அட்டைதான் அண்ணாச்சி. நான்தான் வெட்டி வெள்ளிப் பேப்பர் ஒட்டி வச்சேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வைய அப்ப நான் கண்டுக்கிடல.

டிக்கெட்டா? எடுத்தாச்சு தம்பி. இந்தா பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், கபடி. ஊர்ல ஒரு கபடி டீம். பி.டி. வாத்தியாரு ஒருத்தரு எல்லாத் தெருப் பயலுவளையும் சேத்து ஒரே டீமா ஆக்கி வச்சிருந்தாரு. கேப்டன் மதியழகன். மதின்னு கூப்புடுவாவ. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. ஸ்கூல் முடிச்சுப் பாலிடெக்னிக்ல சேந்தான்லா ஹரிஷ், அங்க அவனோட கிளாசு. நல்ல உசரம், நல்ல சிரிப்பு. எனக்குத் தெரியும் அவனை. டீம்ல ஹரிஷையும் சேக்கச் சொன்னதே அந்தப் பயதான்னு பின்னால சொன்னாவ. எனக்கு அப்பத் தெரியாது.

மாவட்டப் போட்டில ஜெயிச்சுட்டாவ. போர்டு அடிக்க வாத்தியாரு வந்தாரு. கேப்டன் படம் நடுவுல பெருசா, மத்தவங்க படம் சுத்தி வரிசையான்னு சொன்னாரு. அப்படித்தானே போடுவாவ எங்கயும்? நானும் அப்படித்தான் போட்டேன். ஹரிஷ் படம் கீழ ஓரத்துல, ஏழாவது ஆளு. அன்னைக்குப் பாத்துப் பரமேஷ் கடையில இருக்கான், இன்னும் ரெண்டு மூணு பேரு இருக்காவ. ஹரிஷ் உள்ள வாரான். நான் சும்மா இருந்திருக்கலாம். வெளையாட்டுக்கு, ‘வாலே, குல விடியலே, ஒன்னைய ஸ்டாம்ப் சைஸுல போட்டிருக்கு பாரு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஒன் தலைமேல நிக்கான்’னேன். எல்லாரும் சிரிச்சோம். பரமேஷ் மட்டும் சிரிக்கல. ஹரிஷும் சிரிக்கல. அன்னைக்குச் சாயந்தரமே எவனோ அந்தப் போர்டைப் போட்டோ எடுத்து, நான் சொன்ன வார்த்தையவே எழுதிக் குரூப்புல போட்டுட்டான். ஒரு மாசம் அதே பேச்சாம். ஏழாவது, ஏழாவதுன்னே அவனைக் கூப்பிட்டானாம்.

நான் சொன்னது வெளையாட்டுக்கு அண்ணாச்சி. அப்பன் மகனைக் கேலி பண்ண மாட்டானா? ஊர்ல எந்த அப்பன் பண்ணல?

இனிமேத்தான் நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்க. ஏன்னா கோர்ட்டுல இதைத்தான் கேக்கப் போறாவ.

ஒரு செவ்வாக்கெழம. சாயந்தரம் ஆறு மணி இருக்கும். டவுனுக்கு அனுப்ப வேண்டிய ஃபைலை எல்லாம் ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துக்கிட்டு இருக்கேன். தப்பு இல்லாம அனுப்பணும்லா. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்துச்சு. ஹரிஷ் செஞ்சது. பூ பார்டரு, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழ தோற்றம், மறைவு, எப்பமும் போடுறதுதான். தோற்றத்துக்கு நேரா ஒரு தேதி. மறைவுக்கு நேரா ஒரு தேதி. பாக்கேன், அது வியாழக்கெழமத் தேதி. இன்னைக்குச் செவ்வா. செத்தவன் எப்படி நாளைக்கழிச்சு சாவான்? எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு. சாவு வீட்டு வேலைல இப்படித் தப்பு விட்டா நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?

உடனே போன் போட்டேன். ‘ஏல, ஒரு தேதி ஒழுங்காப் போடத் தெரியல, நீயெல்லாம் என்னத்த வேலை பாக்க? மறைவுல வியாழன்னு போட்டிருக்க’ன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அவன் திக்குவான்லா, அதனால நானும் கொஞ்சம் பொறுத்தேன். பொறவு, ‘தப்பா விழுந்துட்டுப்பா, நீங்க மாத்திருங்க. பிரிண்டுக்கு அனுப்ப வேண்டாம், வாட்ஸப்புக்குத்தான்’னான். சரின்னு செவ்வாக்கெழமத் தேதிய அடிச்சேன். மதியழகன்ங்கிற எழுத்து பார்டர்ல கொஞ்சம் முட்டிக்கிட்டு இருந்துச்சு, அதையும் தள்ளி வச்சேன். சேவ் பண்ணிட்டு அடுத்த ஃபைலுக்குப் போயிட்டேன்.

நீங்க கேக்க வாறது தெரியுது. படத்தைப் பாக்கலையான்னு. அப்படி ஒரு போஸ்டர் கடைக்கு வந்துச்சான்னு போலீஸ்காரரும் கேட்டாரு. ஞாபகம் இல்ல, நான் படத்தைப் பாக்கிறது இல்ல, எழுத்தையும் தேதியையும்தான் பாப்பேன்னு சொன்னேன்.

பாத்தேன் அண்ணாச்சி. பொய் எதுக்கு, ஒங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன. பாத்தேன். கபடி போர்டுல இருந்து வெட்டி எடுத்த அதே படம். அதே சிரிப்பு. அட, இந்தப் பய போயிட்டானான்னு நெனச்சேன். இள வயசுன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்.

எப்படிச் செத்தான்னு ஏன் கேக்கலன்னா, அதுக்கு என்ன சொல்ல? எங்க ஊரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. நம்ம தெருவுல ஒரு சாவுன்னா கடைய அடைச்சிட்டு, மாலை ஒண்ணு வாங்கிக்கிட்டு, ஓடுவேன். துட்டிக்குப் போகாம இருந்தா மறுநாள் முகத்துல முழிக்க முடியாதுல்லா. எந்தப் பகையா இருந்தாலும் துட்டி கேக்கப் போயிரணும். போயி அந்த வீட்டு ஆளு கையப் புடிச்சிட்டு ஓரமா உக்காந்துட்டு வரணும். ஆனா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாங்க போறதில்ல. அவியளும் இங்கிட்டு வாறதில்ல. யாரும் போகாதன்னு சொல்லல, போற வழக்கம் இல்ல, அம்புட்டுத்தான். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். அந்தப் பக்கத்துல ஒரு சாவுன்னா போஸ்டரைப் பாத்துட்டுப் போயிருவோம். எங்க வேலைல நான் எழுநூறு எண்ணூறு பேருக்கு அஞ்சலி போஸ்டர் அடிச்சிருப்பேன். அந்தத் தெருச் சாவுக்கு ஒரு நாளும் எப்படிப் போனாருன்னு கேட்டதில்ல.

நம்ம தெருப் பயலா இருந்தா அன்னைக்கே ஆறரைக்கு அந்த வீட்டு வாசல்ல மாலையோட நின்னிருப்பேன் அண்ணாச்சி. நின்னிருந்தா அவன் உள்ள உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருந்திருப்பான். ‘என்ன மாமா, மாலையோட வாரிய’ன்னு கேட்டிருப்பான். வெக்கமாப் போயிருக்கும். எல்லாரும் அடிக்க வந்திருப்பாவ. ஒரு சண்டை நடந்திருக்கும். போலீஸ் வந்திருக்கும். அந்த அளவுல எல்லாம் முடிஞ்சிருக்கும். வாய்க்கால் என்ன பெரிய வாய்க்காலு? ஒரு எட்டு வச்சாத் தாண்டிரலாம்.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

புதன்கெழம ஒண்ணும் இல்ல. எப்பமும் போல இருந்தான். ராத்திரி சாப்புடும்போது என் முகத்தைப் பாத்துப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டான். நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். வியாழக்கெழம காலைல குளிச்சு, கயித்தை மாத்திப் புதுக் கயிறு கட்டிட்டு, அம்மாகிட்டச் சொல்லாமப் போயிட்டான்.

மதியத்துக்கு மேல, ரெண்டு ரெண்டரை இருக்கும், ஒரு ஆளு கடைக்கு வாராரு. சட்டையில பித்தான் மாறிப் போட்டிருக்கு. மதியோட தாய்மாமன். எனக்குப் பேரு தெரியாது அப்ப. ராசையான்னு பின்னால கேஸ் பேப்பர்லதான் பாத்தேன். போனை நீட்டுனாரு. ‘எங்க மதி போயிட்டான்யா. போஸ்டர் அடிக்கணும்’னாரு. சொல்லிட்டு மேசையப் புடிச்சிக்கிட்டாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதான் கேசு. இந்த ஒரு வார்த்தைதான். ‘அவன் செவ்வாக்கெழமையே போயிட்டாம்லா? இப்பத்தான் வாரிய?’ன்னேன்.

அந்த மனுசன் தலைய நிமிந்து பாத்தாரு. ‘இன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்குய்யா. காலேஜ் பஸ்ஸுக்கு நின்னவனை மூணு பேரு சேந்து வெட்டிட்டான்’னாரு.

ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. கை தானா மவுஸ்ல போயி, செவ்வாக்கெழம சேவ் பண்ணுன ஃபைல் இருக்கிற எடத்துல நிக்குது. தொறக்கவும் முடியல, எடுக்கவும் முடியல. அந்தாளு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ‘நீரு ஏன்யா செவ்வாக்கெழமன்னு கேட்டீரு?’ன்னாரு. நான் வேற யாரையோ நெனச்சிட்டேன்னு சொன்னேன். போஸ்டருக்குக் காசு வேண்டாம்னு சொன்னேன். அதைக் கேட்டதும் அவரு போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு.

அன்னைக்குச் சாயந்தரமே மூணு பேரையும் புடிச்சிட்டாவ. ஒருத்தன் ஹரிஷ். அவன் கைதான் மொதல்ல ஓங்குனதாம். பேச்சு வராத பய.

ஃபைலை அன்னைக்கே அழிச்சிட்டேன். மறுநாள் பரமேஷ் ஆளு ஒருத்தன் வந்து கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போயிட்டான். பரமேஷ் பேரு கேஸ்ல எங்கயும் இல்ல அண்ணாச்சி. அவன் அன்னைக்கு மதுரைல ஒரு கல்யாணத்துல இருந்திருக்கான். மேடைல நிக்கிற படம் எல்லாம் இருக்கு. குரூப்பையும் கலைச்சிட்டான், இப்ப வேற பேர்ல இருக்காம். வக்கீல் வச்சதும் அவன்தான். எனக்கு வேற போக்கு இல்ல.

வக்கீல் சொல்லுறது இதுதான். ராசையா சொல்லுறதுக்கு வேற சாட்சி கிடையாது, ஃபைல் கிடையாது. அப்படி ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லைன்னு கூண்டுல சொல்லிட்டாப் போதும். திட்டம் போட்டுச் செஞ்சதுன்னு காட்ட அவியளுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அது போயிட்டா, வழியில பாத்தான், வாய்த்தகராறு, ஆத்திரத்துல நடந்துட்டுன்னு கொண்டு போயிரலாம். சின்னப் பய, சில வருசத்துல வெளிய வந்திருவான். ஆமா, சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன்னு வைங்க, ரெண்டு நாள் முன்னாலயே சாவுக்குத் தேதி குறிச்சவன்னு ஆயிரும். ஆயுசு பூரா உள்ளதான்.

செம்பகம் என்ன சொன்னா தெரியுமா? அவ இந்த ஒண்ணரை வருசமா என்கூடப் பேச்சு இல்ல. சோத்தை வச்சிட்டுப் போயிருவா. இன்னைக்குக் காலைல வாசல் வரைக்கும் வந்தா. ‘உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. இல்லைன்னா வராதிய’ன்னா. பெத்தவ சொல்லுற பேச்சா அது? அவனைப் பத்து மாசம் சொமந்தவ. அவ வாய்க்காலத் தாண்டிப் போனாளாம், எனக்குத் தெரியாம, பதினாறாம் நாளு. மதியோட அம்மா காலடில உக்காந்துட்டு வந்தாளாம். அவிய தண்ணி கொண்டாந்து குடுத்தாவளாம். இதை எனக்கு வேற ஆளு சொன்னாரு. அவ சொல்லல.

அவன் வெளிய வந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். பரமேஷ் இருபதடில போர்டு போட்டு வச்சிருக்கான். போன மாசம் எங்கிட்டயே வந்து, ‘அண்ணே, ஒங்க கையாலதான் டிசைன் பண்ணணும்’னான். முடியாதுன்னு சொல்ல வாய் வரல. வக்கீல் அவன் ஆளுல்லா. பண்ணிக் குடுத்தேன். நடுவுல ஹரிஷ் படம், பெருசா. இந்தத் தடவ அவன்தான் நடுவுல. அதைப் பாத்துட்டு எந்தப் பய டீக்கடை பெஞ்சுல உக்காந்திருப்பானோ, எனக்குத் தெரியல.

என்னைப் பாத்து அப்படித் தலைய ஆட்டாதிய. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. எல்லாரும் தலையத்தான் ஆட்டுதாவ.

போன வாரம் மனு போட்டு அவனைப் பாக்கப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சுத்தி நாப்பது பேரு கத்திக்கிட்டு இருக்கான், ஒரு வார்த்தை கேக்காது. மெலிஞ்சு போயிட்டான். கையில கயிறு இல்ல, உள்ள அறுத்துருவாவளாம். அந்த எடத்துல தோலு மட்டும் வெள்ளையா இருக்கு. நான் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். கவலப்படாத, அப்பா பாத்துக்கிடுதேன், நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லிருவேன்னு சொன்னேன்.

அவன் வலையில நெத்திய வச்சிக்கிட்டான். ரொம்ப நேரம் திக்குனான். நேரம் முடிஞ்சிட்டுன்னு ஏட்டு கைய வேற தட்டுதாரு. அப்ப சொன்னான். ‘அன்னைக்கு நீங்க போன் போட்டியல்லா. மதி படத்தைப் பாத்துட்டுத்தானே போட்டிய? எனக்கு உசுரே போயிட்டு. எப்படிச் செத்தான்னு இப்பக் கேப்பிய, கேப்பியன்னு போனைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கேட்டிருந்தா அழுதிருப்பேம்ப்பா. எல்லாத்தையும் சொல்லிருப்பேன். நீங்க தேதிய மட்டும் கேட்டிய. சரி, அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு, ஒங்களுக்கும் சம்மதந்தான்னு நெனச்சேன்.’

சம்மதம்னு நெனச்சானாம் அண்ணாச்சி.

இதை நான் செம்பகத்துட்டச் சொல்லல. வக்கீல்ட்டச் சொல்லல. ஒங்ககிட்டத்தான் சொல்லுதேன். நீங்க பஸ் ஸ்டாண்டுல இறங்கிப் போயிருவிய, இனிமே பாக்கப் போறதில்ல. அங்க கூண்டுல ஏத்தி, அப்படிச் சொன்னீரா இல்லையான்னு ஒண்ணுதான் கேப்பாவ. படத்தைப் பாத்தும் ஏன் கேக்கலன்னு எவனும் கேக்க மாட்டான். கேட்டா, போற வழக்கம் இல்லன்னு சொல்லுவேனா? ஜட்ஜையா அதை எழுதிக்கிடுவாரா?

இதென்ன, அதுக்குள்ள வந்துட்டா? ஆமா, கோர்ட்டு இதான். அந்தா, கேட்டுப் பக்கத்துல வேப்ப மரத்தடில ஒரு ஆளு தனியா நிக்காரு பாருங்க, கக்கத்துல மஞ்சப்பை வச்சிக்கிட்டு. மதியோட அப்பா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லாருக்கும் முந்தி வந்து நிக்காரு. அவரைத் தாண்டித்தான் நான் உள்ள போகணும். வேற வாசல் இல்ல. ஒவ்வொரு தடவையும் நான் நெருங்கி வரும்போது அவரு கை லேசா முன்னால வருது அண்ணாச்சி, துட்டிக்கு வந்த ஆளுகிட்ட நீட்டுவாவள்லா, அப்படி. பழக்கத்துல வருதோ என்னமோ. நான் குனிஞ்சுக்கிட்டே போயிருதேன்.

கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சிராதிய, ஆளு இறங்கணும். அண்ணாச்சி, அந்தக் கையக் கொஞ்சம் குடுங்க. எந்திரிக்கணும்.